கம்பளி மண்டபத்துப் பிரசவம்

பத்தரைக்குத் தொடங்கிய நடை, இப்போது பதினொன்றரை ஆகப்போகிறது, வழிகாட்டி ஒல்லர்டன் இன்னும் நாய்க் கதையை விட்டுவிட்டு வரவில்லை. மழையில்லை, ஆனாலும் குடையை விரிக்காமல் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருக்கிறார், அதுதான் அவருடைய கொடி, அதன் பின்னால் நாங்கள் பதினொரு பேர், கார்ஸ்பரி என்கிற இந்த இங்கிலீஷ்காரப் பட்டணத்தின் பழைய வீதிகளைப் பார்க்க வந்தவர்கள். நாற்பது வருடமாக இந்தப் பட்டணத்தில் இருக்கிறேன், ஒரு தரம்கூட இந்த நடைக்கு வந்ததில்லை. சாவகச்சேரியிலிருந்து வந்திருக்கிற என் தங்கச்சி திலகவதிக்காக வந்தேன். ஒன்பது நாளாக வீட்டுக்குள் இருந்து தொலைக்காட்சி பார்த்து அலுத்துப்போனாள், வியாழக்கிழமை திரும்பிப் போய்விடுவாள், அவளுக்கு ஊர் பார்க்க வேண்டும். இங்கிலீஷ் கொஞ்சம் விளங்கும், ஒல்லர்டனுடைய இங்கிலீஷ் விளங்காது, அது மூக்குக்குள்ளேயே பாதி நின்றுவிடும். அதனால் நான் மொழிபெயர்க்க வேண்டும். "என்னவாம் அக்கா?" என்று என் கோட்டுக் கையைப் பிடித்து இழுக்கிறாள். "இந்தச் சத்திரத்தில பிரின்ஸ் எண்டு ஒரு நாய் இருந்ததாம். பதினொரு வருசம் ஒவ்வொரு நாளும் கடிதப் பையைக் கவ்விக்கொண்டு ஸ்ரேசனுக்குப் போகுமாம்." "அதுக்கோ சுவரில பலகை?" "ஓம்." "நாய்க்கோ?" "ஓமெடி, நாய்க்குத்தான்." பித்தளைப் பலகை, மினுக்கி வைத்திருக்கிறார்கள், நாயின் பெயர், பிறந்த வருடம், செத்த வருடம். எனக்கு நாயில் கோபமில்லை. பாவம், அது தன் வேலையைச் செய்தது. அதற்குப் பெயர் போட்டிருக்கிறார்கள், போடட்டும், ஆனால் நெஞ்சுக்குள் ஏதோ சூடாக ஏறுகிறது, காலையில் குடித்த கோப்பிதான் என்று எனக்கே நான் சொல்லிக்கொள்கிறேன், கோப்பி இல்லை என்று எனக்குத் தெரியும்.

தேவாலயம். உள்ளே குளிர், ஈரக் கல்லின் மணம். தரையில் பித்தளைத் தகட்டில் வெட்டின கம்பளி வியாபாரி ஒருவர், பக்கத்தில் மனைவி, கீழே வரிசையாகப் பதினான்கு பிள்ளைகள், வியாபாரியின் கால் ஒரு செம்மறியாட்டின் மேல் இருக்கிறது. இந்தப் பட்டணமே செம்மறியாட்டின் முதுகில் கட்டினது என்று ஒல்லர்டன் சொல்ல எல்லாரும் சிரிக்கிறார்கள், ஒவ்வொரு சனிக்கிழமையும் இதே இடத்தில் இதே சிரிப்பு வரும்போல. பதினான்கு பெற்றவளுக்குப் பெயரில்லை, 'அவருடைய மனைவி' என்று மட்டும் வெட்டியிருக்கிறது. பதினான்கு பிள்ளைக்கும் யார் கை கொடுத்தார்கள், அந்தக் கைக்குப் பெயர் என்ன, அதைத் தேடி ஒருவரும் தரையைக் குனிந்து பார்க்க மாட்டார்கள். நான் ஏன் இதையெல்லாம் யோசிக்கிறேன் என்றால் அடுத்த இடம் எது என்று எனக்குத் தெரியும். தேவாலயம் முடிந்தால் சந்தைச் சதுக்கம், சதுக்கத்தின் நடுவில் கம்பளி மண்டபம். அதற்கு முன்னால் கழன்றுவிடலாம் என்றுதான் நினைத்து வந்தேன். திலகா, எனக்குக் கால் நோகுது, வா, தேத்தண்ணி குடிப்பம் என்று சொல்லலாம். எழுபத்தொரு வயதுக்காரிக்குக் கால் நோகாதா? சொல்லு. இப்போதே சொல்லு. வாசலைத் தாண்டியாயிற்று, குடை சதுக்கத்தை நோக்கித் திரும்பிவிட்டது, திலகா எனக்கு முன்னால் போகிறாள், சப்பாத்துப் புதிது, அதில் அவளுக்குப் பெருமை. நான் சொல்லவில்லை. கால்தான் போகிறது, உண்மையாகவே நோகவும் இல்லை.

கம்பளி மண்டபம் கல்தூண்களின் மேல் நிற்கிற மரக் கட்டடம். கீழே திறந்தவெளி, செவ்வாயும் சனியும் சந்தை, அங்கே முட்டையும் பாற்கட்டியும் விற்பார்கள், இன்றைக்கும் விற்கிறார்கள். மேலே ஒரு நீளமான மாடி, முந்தி கம்பளி நிறுத்த இடம், இரும்புத் தராசு இன்னும் தொங்குகிறது, அது எனக்குத் தெரியும், அந்தத் தராசின் கீழே நான் நின்றிருக்கிறேன். தூணில் இரண்டு கோடுகள் வெட்டியிருக்கிறது, தீல் ஆறு பெருகின வருடங்கள், 1894, அதற்கு ஒரு சாண் மேலே 1986. ஒல்லர்டன் மேல் கோட்டில் குடை நுனியை வைக்கிறார். அவருடைய குரல் கொஞ்சம் தாழ்கிறது, இதுதான் அவருக்குப் பிடித்த கதை. "என்னவாம்?" என்கிறாள் திலகா. சொல்லத்தான் வேண்டும். "எண்பத்தாறாம் ஆண்டு மாசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, சந்தை நேரம் வெள்ளம் வந்ததாம். நாற்பது பேர் இந்த மாடியில ஏறி நிண்டவையாம். அதில ஒரு பிள்ளைத்தாய்ச்சியும் இருந்தவவாம்." ஆம், ஆம், ஆம். எல்லாவற்றின் வாலிலும் ஒரு 'ஆம்' போட்டுக்கொண்டு போகிறேன். தமிழில் இந்த ஒரு வசதி இருக்கிறது, அடுத்தவன் சொன்னது, எனக்குப் பொறுப்பில்லை. இங்கிலீஷில் இதற்கு வழியில்லை, ஒல்லர்டன் கண்ணால் கண்டவர்போல நேராகவே சொல்கிறார். "டொக்டர் ஃபென்விக் எண்டு ஒருத்தர், வெள்ளத்துக்குள்ள வள்ளத்தில வந்து, யன்னலால ஏறி, பிள்ளையைப் பிறப்பிச்சாராம். பிள்ளைக்கும் அவற்ற பேரைத்தான், எட்வர்ட் எண்டு வைச்சவையாம்." சொல்லி முடித்துவிட்டேன். என் வாயால், என் தமிழில், என் தங்கச்சிக்கு. வாய்க்குள் கசக்கிறது. ஒரு 'ஆம்' போட்டால் ஒட்டாது என்று நினைத்தேன், ஒட்டிவிட்டது.

வள்ளத்தில் வந்தார், அது உண்மை. யன்னலால் ஏறினார், அதுவும் உண்மை. தீயணைப்பு ஆட்கள் இரண்டு பேர் பின்னால் தாங்கினார்கள். எத்தனை மணிக்கு? அதைச் சொல்லமாட்டார்கள். அன்றைக்கு எனக்கு விடுமுறை. முதியோர் இல்லம் ஒன்றில் உதவியாளாக வேலை, படுக்கை விரிக்கிறது, கழுவித் துடைக்கிறது. ஊரில் ஒன்பது வருடம் பிரசவம் பார்க்கிற மருத்துவமாதாக இருந்தவள், எத்தனை பிள்ளை என் கையில் விழுந்திருக்கும், எண்ணினதில்லை, ஆனால் இங்கே அந்தச் சான்றிதழ் வெறும் காகிதம், திரும்பப் படித்துப் பதிய வேண்டும் என்றார்கள். நான் கறிக்கு லீக்ஸ் வாங்கச் சந்தைக்கு வந்தேன். பதினொரு மணிக்குத் தண்ணீர் கற்களுக்கிடையில் குமிழ்விட்டு வந்தது, பதினொன்றரைக்கு முழங்கால், எல்லாரும் மாடிக்கு ஓடினோம். முட்டை விற்கிற பொலின் படியில் ஏறும்போதே இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள், எட்டு மாதம், எனக்கு அந்த நிற்கிற விதம் போதும். ஒரு மணிக்குப் பிரசவ நோ கடுத்தது. "யாராவது டொக்டரைக் கூப்பிடுங்கோ" என்று கத்தினார்கள், தொலைபேசி கீழே தண்ணீருக்குள். நான் கோட்டைக் கழற்றினேன். தேத்தண்ணிக் கடைக்காரர் மண்ணெண்ணெய் அடுப்பையும் கேத்திலையும் மேலே கொண்டுவந்திருந்தார், துணிக் கடைக்காரியின் கத்தரிக்கோலையும் பருத்தி நாடாவையும் அதற்குள் போட்டுக் கொதிக்க வைத்தேன். பெண்கள் கோட்டுகளைத் திரைபோலப் பிடித்தார்கள். ஆண்கள் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள். தலை வந்தது, கழுத்தில் கொப்பூழ்க்கொடி இரண்டு சுற்று, விரலை உள்ளே விட்டு ஒன்று, பிறகு இன்னொன்று, தலைக்கு மேலால் கழற்றினேன், வழுக்கியது, பொலின் என் தோளைக் கடித்தாள். மூன்று இருபது. பிள்ளை நீலம். அழவில்லை. அந்த ஒரு நிமிடத்தை நான் யாருக்கும் சொன்னதில்லை. சுண்டுவிரலில் துணியைச் சுற்றி வாயைத் துடைத்து, முதுகைத் தேய்த்து, பாதத்தில் தட்டி, வாயோடு வாய் வைத்து மெல்ல, கன்னத்திலிருக்கிற காற்றை மட்டும், ஊதி, ஊதி, கீழே தண்ணீர் தூணில் மோதுகிற சத்தம் மட்டும் கேட்டது, நாற்பது பேரும் மூச்சுவிடவில்லை, பிறகு பிள்ளை பூனைக்குட்டிபோல ஒரு சத்தம் போட்டது. நாற்பது பேரும் கைதட்டினார்கள். தட்டினார்கள்தானே! அது யாருக்குத் தட்டின கை?

நாலு பத்துக்கு டொக்டர் வந்தார். நஞ்சுக்கொடியை நான் பத்திரிகைத் தாளில் விரித்து முழுதாக வந்திருக்கிறதா என்று பார்த்து முடித்திருந்தேன். பொலினின் நெஞ்சுக்கு நடுவில் பிள்ளை, யாரோ கழற்றித் தந்த ஃபிளானல் சேட்டுக்குள் சுற்றினபடி, சிவந்துபோய்த் தூக்கம். டொக்டர் குழாயை வைத்துக் கேட்டார், நல்லது, நல்லது என்றார். பிறகு என்னைத் தராசின் பக்கம் கூட்டிப்போனார். நல்ல மனிதர், உயரம், மெல்லிய குரல், கையில் நனைந்த தொப்பி. "உங்களுக்கு இந்த நாட்டில் பிரசவம் பார்க்க அனுமதி இல்லை, தெரியுமா?" என்றார். "தெரியும் டொக்டர், ஆனால்..." "இது வெளியே வந்தால் குற்றம். வேலை போகும். உங்களைத் திருப்பி அனுப்பவும் கூடும்." எண்பத்தாறாம் ஆண்டு, ஊரில் சண்டை. திருப்பி அனுப்புவது என்றால் எதற்குள் அனுப்புவது என்று எனக்குத் தெரியும், எங்கள் வீதியில் அந்த மாதம் யார் யார் இல்லாமல் போனார்கள் என்று அம்மாவின் கடிதத்தில் வந்திருந்தது. அவர் என் தோளில் கையை வைத்தார், பொலின் கடித்த அதே தோளில். "நான் பார்த்ததாக இருக்கட்டும். பயப்படாதீர்கள். நமக்குள் இருக்கட்டும்." நான் என்ன சொன்னேன்? "நன்றி, டொக்டர்." ஒருதரம் இல்லை, இரண்டுதரம். அவர் யன்னலால் வள்ளத்தில் இறங்கிப் போகும்போது மூன்றாவது தரமும் சொன்னேன். அடுத்த நாள் பத்திரிகையில் அவருடைய படம், பிள்ளையோடு. பொலின் ஒரு கிழமைக்குப் பிறகு முதியோர் இல்லத்துக்கு ஒரு டசின் முட்டையோடு வந்தாள், "உங்களுடைய நன்மைக்காகத்தான் நாங்கள் ஒன்றும் சொல்லக்கூடாதாம், டொக்டர் சொன்னார்" என்று அழுதாள், பிறகு வேல்ஸ் பக்கம் குடிபோய்விட்டாள். மாடியில் நின்ற மற்றவர்கள்? அன்றைக்கு மரியாதைக்காக முதுகைத் திருப்பினார்கள். பிறகும் திரும்பவேயில்லை. பத்திரிகையில் வாசித்தது மெல்ல மெல்ல அவர்கள் கண்டதாக ஆகிவிட்டது.

ஒன்றரை வருடம் கழித்து, பதிவதற்காகத் திரும்பப் படிக்கப் போனேன். ஒருநாள் சட்டப் பாடம். ஆசிரியை வாசிக்கிறார், பதிவில்லாதவர் பிரசவம் பார்ப்பது குற்றம். என் காது அடைக்கிறது. அவர் தாளைத் திருப்பி அடுத்த வரியை வாசிக்கிறார், திடீரென்று வந்த அவசர நிலையில் பார்த்தால் குற்றமில்லை. அவ்வளவுதான். ஒரு வரி. நான் கையை உயர்த்தி, திரும்ப வாசிக்கச் சொன்னேன். திரும்ப வாசித்தார். அதே வரி. எழுந்து கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் ஓடுகிற சத்தத்துக்குள் நின்றேன். குற்றமே இல்லை. எப்போதும் இருந்ததில்லை. இல்லாத கிணற்றுக்குள் விழாமல் என்னைப் பிடித்தார், அதற்கு நான் மூன்றுதரம் நன்றி சொன்னேன். அவருக்கு அந்த வரி தெரியுமா? இதுதான், இங்கேதான் என் மனம் முள்ளில் சேலை மாட்டினமாதிரி நிற்கும், முப்பத்தெட்டு வருடமாக. தெரிந்துதான் சொன்னாரா? முப்பது வருடம் டொக்டராக இருந்தவருக்குத் தெரியாமலா? தெரியாமலும் இருக்கலாம், டொக்டர்மாருக்கு மருத்துவமாதின் சட்டம் எதற்கு. தெரியாவிட்டால் பத்திரிகைக்காரருக்குச் சிரித்துக்கொண்டு நின்றாரே, அது எதற்கு? ஒவ்வொரு நத்தாருக்கும் யேசு பிறப்புப் படம் போட்ட கார்ட் அனுப்புவார், 'நம் சிறிய இரகசியம்' என்று கீழே கோடு போட்டு. நான் பதிந்து, பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் இருபத்துநாலு வருடம் மருத்துவமாதாக வேலை செய்து, இந்தப் பட்டணத்தின் பாதிப் பிள்ளைகளைக் கையில் ஏந்தினேன், அப்போதும் கார்ட் வந்தது. கேட்டிருக்கலாம். டொக்டர், அந்த வரி உங்களுக்குத் தெரியுமா என்று ஒரு கேள்வி. கேட்கவில்லை. அவருடைய செத்தவீட்டுக்கும் போனேன், கறுப்புச் சேலை கட்டிக்கொண்டு, தேவாலயத்துக் கடைசி வாங்கில் இருந்தேன். அவர்மேல் வருகிற கோபத்துக்கு ஒரு அளவு இருக்கிறது. அந்த மூன்று நன்றியின்மேல் வருகிற கோபத்துக்குத்தான் அளவில்லை.

ஒல்லர்டன் இப்போது தூணுக்கு மேலே சுவரில் ஒரு வெறும் இடத்தைக் காட்டுகிறார். அடுத்த மாதம் அங்கே பலகை வரப்போகிறது, கல்லில் வெட்டக் கொடுத்தாகிவிட்டது. டொக்டர் எட்வர்ட் ஃபென்விக், வெள்ளத்தின் நடுவில், இந்த மாடியில். கல்லில். பத்திரிகை மக்கிப்போகும், ஆட்கள் செத்துப்போவார்கள், கல் இருநூறு வருடம் நிற்கும். "என்னவாம் அக்கா? சுவரைக் காட்டுறார்?" நான் வாயைத் திறக்கிறேன், 'ஆம்' வரவில்லை. திலகா என் முகத்தைப் பார்க்கிறாள். பிறகு தூணைப் பார்க்கிறாள், 1986. மெல்ல, எங்கேயோ தூரத்திலிருந்து எடுத்துவருவதுபோல, "அக்கா, எண்பத்தாறு. வெள்ளம். நீங்கள் நீலக் கடிதத்தில எழுதினனீங்களெல்லோ? நான்தானே அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினனான். கழுத்தில கொடி ரெண்டு சுத்து எண்டு. முட்டைக்காரி எண்டு. அது நீங்களெல்லோ அக்கா!" "சத்தம் போடாத திலகா." "ஏன் போடக்கூடாது? அப்ப உந்த டொக்டர் ஆர்?" "பேந்து சொல்லுறன்." "பேந்தோ? கல்லில எழுதினாப் பிறகோ?" அவளுக்கு இப்படிக் கோபம் வந்து நான் கண்டதில்லை, அறுபத்தேழு வயது, வாய் கோணுகிறது. எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள். அவள் குடைக்கு முன்னால் போய் நின்று, தனக்குத் தெரிந்த இங்கிலீஷைப் பொறுக்கி எடுத்து, "என் அக்கா. அந்தப் பிள்ளை. டொக்டர் இல்லை. என் அக்கா" என்கிறாள், தன் இரண்டு கைகளையும் ஏந்திக் காட்டி.

ஒல்லர்டன் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். கெட்ட சிரிப்பில்லை, அதுதான் கூடச் சுடுகிறது. "அன்றைக்கு உதவின பெண்கள் நிறையப்பேர் இருந்திருப்பார்கள்" என்கிறார், "மிக அருமையான நினைவு, நேரம் கிடைக்கும்போது எழுதி எங்கள் வரலாற்றுச் சங்கத்துக்கு அனுப்புங்கள்." குடை தூக்கப்படுகிறது. அடுத்த இடம் தானியச் சந்தை. பழைய பயம் வந்துவிட்டது, எழுபத்தொரு வயதில், ஓய்வூதியக்காரிக்கு, இந்த நாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கிறவளுக்கு, குடிவரவுத் திணைக்களத்தின் பழுப்புக் கடித உறை கதவிடுக்கால் விழுகிற சத்தம் காதுக்குள் கேட்கிறது. யார் அனுப்பப்போகிறார்கள், எங்கே அனுப்பப்போகிறார்கள்? பயம் இருக்கட்டும், பயத்தோடேயே கதைக்கலாம். "உதவினவள் இல்லை" என்கிறேன். குரல் நான் நினைத்ததைவிடப் பெரிதாக வருகிறது, முட்டைக் கடைக்காரன் நிமிர்கிறான். "நான்தான் பார்த்தேன். நான் மருத்துவமாது." ஒல்லர்டனின் குடை இறங்குகிறது. "அப்படியென்றால், மன்னியுங்கள், இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை?" கேட்பார் என்று தெரியும். "என்னைப் பயப்படுத்தினார்கள். நான் பயந்தேன். அதற்கு நன்றியும் சொன்னேன்" என்கிறேன். ஒருவரும் சிரிக்கவில்லை. ஒல்லர்டன் தொண்டையைக் கனைத்து, "எழுதித் தந்தால் நான் சங்கத்தில்..." என்று தொடங்குகிறார். "நான் எழுதமாட்டேன். உங்களிடம் பேனா இருக்கிறது. நான் சொல்கிறேன், நீங்கள் எழுதுங்கள்."

அவர் சுற்றிலும் பார்க்கிறார். ஒன்பது பேரும் போகாமல் நிற்கிறார்கள், நீலத் தொப்பி போட்ட ஒருத்தி தன் கைப்பையை அவருக்குத் தாங்கலாக நீட்டுகிறாள். நடையின் துண்டுப் பிரசுரத்தைப் பின்பக்கம் திருப்பி, அந்தப் பைமேல் வைத்து, பேனாவை எடுக்கிறார். ஆஸ்பத்திரியில் ஆயிரம்தரம் எழுதின குறிப்பு, இந்த ஒன்றுதான் என் கையால் எழுதப்படவில்லை. சொல்லுகிறேன், அவசரமில்லாமல். திகதி, பெப்ரவரி நாலு. தாய், பொலின், முதற் பிள்ளை, எட்டு மாதம். நோ கடுத்த நேரம், ஒரு மணி. பிறந்த நேரம், மூன்று இருபது. ஆண். கொடி கழுத்தில் இரண்டு சுற்று. அழுதது ஒரு நிமிடம் கழித்து. நஞ்சுக்கொடி முழுசு. இரத்தம் அதிகம் போகவில்லை. தாயும் பிள்ளையும் சுகம். பேனா நிற்கிறது. "பிரசவம் பார்த்தவர்?" என்று அவரே கேட்கிறார், குனிந்தபடி. "மங்கையற்கரசி." எழுத்துக்கூட்டச் சொல்கிறார். எழுத்துக்கூட்டுகிறேன், ஒவ்வொன்றாக. அது தாளின் ஓரம் வரைக்கும் போகிறது. திலகா என் பக்கத்தில் வந்து நின்று, அவர் எழுதுகிறதை ஒரு எழுத்து விடாமல் பார்க்கிறாள். ஒல்லர்டன் நிமிர்கிறார், நல்ல மனிதர்தான், கல்வெட்டுக்காரருக்கு இன்றைக்கே தொலைபேசி எடுத்து நிறுத்தச் சொல்கிறேன் என்கிறார், பிறகு கொஞ்சம் தயங்கி, "டொக்டர் ஃபென்விக்கைப் பற்றி என்ன எழுதட்டும்? கூட இருந்து உதவினார் என்று போடலாமா?"

"இல்லை" என்கிறேன். "நாலு பத்துக்கு வந்தார். வந்தார் என்று எழுதுங்கள்."